மாமனார் இறங்கிய வாக்மேன்

பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். கூடப் பிறந்தவன் மேல் வந்தால் பாகப்பிரிவினையோடு அது தீர்ந்துவிடும். சகலை மேல் வருகிற பொறாமைக்குத்தான் மருந்து கிடையாது. அவனும் நாமும் ஒரே பரீட்சை எழுதுகிறோம். கேள்வித்தாளும் ஒன்று, திருத்துகிற மாமியாரும் ஒருவர். மார்க்கு மட்டும் எப்போதும் அவனுக்குத்தான் கூடுதலாக விழுகிறது.

என் சகலை பெயர் கண்ணப்பன். என் மனைவி உமையாளின் தங்கை மீனாளைக் கட்டியவன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. எனக்குக் காரைக்குடியில் பெயின்ட் கடை. கண்ணப்பனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றுதான்: குறை சொல்ல அவனிடம் எதுவுமே இல்லை. என்னை வாய் நிறைய "அண்ணே" என்பான். மாமியார் வீட்டுக்கு வந்தால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மிக்சியைப் பிரித்துச் சரிசெய்வான். (நானும் ஒரு தடவை மிக்சியைப் பிரித்தேன். பிறகு அவன் வந்து சேர்த்தான்.) இப்படிப்பட்டவனை எந்தக் காரணத்தைச் சொல்லி வெறுப்பது? காரணம் இல்லாமலே வெறுக்க வேண்டியிருந்தது. அது கொஞ்சம் கஷ்டமான வேலை. ஆனாலும் நான் அசராமல் செய்துவந்தேன்.

மாமியார் வீடு நேமத்தான்பட்டியில். அந்தத் தீபாவளிக்கு எல்லோரும் போயிருந்தோம். பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் கண்ணப்பன் பையிலிருந்து ஒரு நீல நிறப் பெட்டியை எடுத்தான். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. கூடவே தலையில் மாட்டுகிற வளைவு, காதுக்குப் பஞ்சு.

"என்ன மாப்பிள்ளை இது?" என்று மாமியார் கேட்டார்.

"வாக்மேன், அயித்தை. பழசு. ஒருத்தர்கிட்டத் தேடிப் பிடிச்சு வாங்குனேன். இப்ப இதுக்குத்தான் மவுசு. காதுல வச்சுப் பாருங்க."

மாமியார் தயங்கித் தயங்கி மாட்டிக்கொண்டார். கண்ணப்பன் பொத்தானை அமுக்கினான். மாமியார் கண்கள் பெரிதாகின. "அட! இது பாடுதே!" என்றார், காது அடைத்திருப்பவர்கள் பேசுகிற சத்தத்தில்.

பாட்டுப் பெட்டி பாடாமல் வேறு என்ன செய்யும் என்று நினைத்தேன். அந்த வார்த்தையை அப்போது நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கிற நிலையில் நான் இல்லை. ஏனென்றால் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கண்ணப்பன் முன்னால் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நின்றவள் என் உமையாள். என்னுடைய செல்போனில் இதே பாட்டு இலவசமாக வருகிறது. அதைக் கேட்க அவள் ஒரு நாளும் வரிசையில் நின்றதில்லை. மத்தியானச் சாப்பாட்டில் மாமியார் கண்ணப்பன் இலையில் கேட்காமலே இன்னொரு இனிப்புக் கந்தரப்பம் வைத்தார். என் இலைப் பக்கம் வந்தபோது தட்டு காலி.

வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு பேசுகிறவன் வாயிலிருந்து உண்மை வராது.

"இதே மாதிரி நானும் ஒண்ணு வச்சிருக்கேன்" என்றேன்.

"நெசமாவாண்ணே?" கண்ணப்பன் முகம் மலர்ந்துவிட்டது. (பொறாமையே படத் தெரியாதவன். அதுவும் எனக்குப் பொறாமை.) "எங்கண்ணே இருக்கு?"

"பரண்ல கிடக்கும்."

"அப்ப படைப்புக்கு வாரப்ப கொண்டாங்க மாப்பிள்ளை" என்று மாமியார் முடித்துவைத்தார். "ரெண்டையும் சேத்துப் பாப்போம்."

உமையாள் என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பரணே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

படைப்பு என்பது எங்கள் பக்கம் இறந்துபோன பெரியவர்களுக்குப் பங்காளிகள் கூடிச் செய்கிற வழிபாடு. அவர்களுடைய புடவை, வேட்டி, ஆசையாக வைத்திருந்த சாமான் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் காப்பாற்றி வைத்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து, புதுத்துணி வைத்து, சமைத்ததைப் படைத்துக் கும்பிடுவார்கள். அந்த வருஷ மாசிப் படைப்பு என் மாமியார் வீட்டு முறை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பங்காளிகளுக்குத் தெரியும். மாப்பிள்ளைகளுக்கு இலையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். என் மாமனார் சாத்தப்பன் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். முகப்பில் மாட்டியிருக்கிற படத்தில்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். முகம் கல் மாதிரி இருக்கும்.

மாசிக்குள் ஒரு பழைய வாக்மேன் வேண்டும். பழைய சாமான் என்றால் காரைக்குடியில் கவலையே இல்லை. எங்கள் ஊரில் பழைய சாமான் கடைகள் ஒரு தெரு நிறைய உண்டு. பெரிய வீடுகளின் பீங்கான் சாடி, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் கடைசியில் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். அந்தத் தெருவில் முத்தழகு எனக்குப் பழக்கம். என் கடையில் வாரம் தவறாமல் உப்புத்தாள் வாங்குகிறவர். எதற்கு இத்தனை உப்புத்தாள் என்று ஒரு தடவை கேட்டேன்.

"எழுத்தைத் தேய்க்கத்தான் மொதலாளி" என்றார்.

எங்கள் வட்டாரத்து வீடுகளில் கரண்டியிலிருந்து அண்டா வரைக்கும் எல்லாச் சாமானிலும் சொந்தக்காரர் முதலெழுத்தை வெட்டி வைப்பது வழக்கம். விற்கும்போது இன்ன வீட்டுச் சாமான் கடைக்கு வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் கௌரவக் குறைச்சல். அதனால் கடைக்காரர்கள் எழுத்தைத் தேய்த்துவிடுவார்கள். யார் வீடு என்று வாங்குகிறவர் கேட்கவும் கூடாது, விற்கிறவர் சொல்லவும் கூடாது. அது அந்தத் தொழிலின் மரியாதை.

"வாக்மேனா?" முத்தழகு தலையைச் சொறிந்தார். "அது பெரிய வீடுகள்ல, வெளிநாடு போய் வந்தவுக வச்சிருப்பாக. கிடைக்கும். ஆனா சும்மா கிடைக்காது மொதலாளி. வீடு ஒதுக்குற எடம் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க. நாலு வீட்டுச் சாமான் அறைக்குள்ள போனாத்தான ஒண்ணு ஆப்புடும்."

எனக்கு உடனே மாமியார் வீட்டு ஞாபகம் வந்தது. மழையில் அங்கே ஓடு ஒழுகி, படைப்புக்கு முன்னால் வீட்டைச் சரிசெய்ய வேண்டும், சாமான் அறையில் கால் வைக்க இடமில்லை என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தார். நல்ல மூத்த மாப்பிள்ளையாக அன்றே போன் செய்தேன். "அயித்தை, நம்ம ஆளு ஒருத்தரை அனுப்புறேன். தகரம், டப்பா எல்லாத்தையும் ஒதுக்கிக் குடுத்துருவாரு" என்றேன். மாமியார் சந்தோஷப்பட்டார். கண்ணப்பன் செய்யாத ஒரு உதவியை நான் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

(இந்த இடத்திலேயே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. பொறாமை கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு அது மூளை வரைக்கும் போயிருந்தது.)

நடுவில் குன்றக்குடிக்கும் போய்வந்தேன். "முருகா, கண்ணப்பனுடையது கெட்டுப்போக வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்கும் ஒன்று கிடைக்கட்டும்" என்றுதான் வேண்டினேன். படி இறங்கும்போது, முதலில் சொன்னதும் நடந்தால் ஆட்சேபம் இல்லை என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன்.

முருகன் கைவிடவில்லை. மாசி பிறந்ததும் முத்தழகு போன் செய்தார். ஓடினேன். துணி விரித்து அதன் மேல் வைத்திருந்தார். வெள்ளி நிறம், கனமான உடம்பு. உள்ளே ஒரு கேசட் சிக்கி மூடி திறக்கவில்லை. கூடவே அதன் பழைய ஹெட்போன். பின்பக்கம் ஓரிடத்தில் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஆசையாக வைத்துப் பழகிய கை பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கிறது என்று உருகிப்போனேன். உப்புத்தாள் விற்றுப் பிழைக்கிறவன் நான்.

"பாடுமா?"

"பேட்டரி போட்டாப் பாடும்."

"பேட்டரி போட்டுக் காட்டுங்களேன்."

"கடையில இல்ல மொதலாளி. நாளைக்கு ஹோட்டல்காரக வாராக. பெரிய வீட்டை ஹோட்டலா ஆக்குறாகல்ல, அவுக. வெள்ளைக்காரன் பாக்குறதுக்கு அலமாரியில வைக்கணுமாம். ஒங்களுக்காகத்தான் மறைச்சு வச்சிருக்கேன்."

முகம் தெரியாத அந்த ஹோட்டல்காரர் மேலும் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. அதற்கு மேல் பேரம் பேசவில்லை. என்ன விலை கொடுத்தேன் என்று எழுதப்போவதில்லை. இதை உமையாள் படிப்பாள்.

"எந்தப் பக்கத்துச் சாமான்?" என்று மட்டும் வாய் தவறிக் கேட்டேன்.

"மொதலாளி" என்று முத்தழகு கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கேட்டது தப்பு என்று ஒப்புக்கொண்டு வெளியே வந்தேன்.

கடைக்குப் போய், எமல்ஷன் டப்பாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பேட்டரி போட்டேன். பாட்டு வரவில்லை. வாசனை வந்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. பயந்துபோய்ப் பேட்டரியைப் பிடுங்கினேன். செல்போன் ரிப்பேர் கடையில் கொடுத்தால், அந்தப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சார்ஜர் எங்க சார் சொருகுறது?" என்று கேட்டான். முத்தழகிடம் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் வெறுங்கையோடு நேமத்தான்பட்டி போக வேண்டும். கண்ணப்பன் நீலப் பெட்டியை எடுப்பான். மாமியார் மறுபடியும் "இது பாடுதே" என்பார். அவனுக்கு இன்னொரு கந்தரப்பம். நினைக்கும்போதே எனக்குப் புளித்த ஏப்பம் வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. வாக்மேனில் பாட்டு கேட்பவருக்கு மட்டும்தானே கேட்கும்? அது பாடுகிறதா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? நான் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினால் அது பாடுகிற மாதிரிதான். யாராவது கேட்டால், இப்போதுதான் பேட்டரி தீர்ந்தது என்று சொல்லிவிடலாம். (தீர்ந்த பேட்டரியையாவது உள்ளே போட்டுவைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. மேதைகளுக்குச் சின்ன விஷயங்கள் விட்டுப்போகும்.)

குடோனில் ஒத்திகை பார்த்தேன். அந்த ஹெட்போனில் ஒரு கோளாறு இருந்தது. தலைக்கு மேல் வளைந்து போகிற கம்பி ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. நிமிர்ந்து நின்றால் இடது காதுப் பஞ்சு கழுத்துக்கு இறங்கிவிடும். தலையை இடது தோள் பக்கம் சாய்த்து, ஒரு விரலால் பஞ்சைத் தாங்கிக்கொண்டால்தான் நிற்கும். அப்படிச் சாய்த்தால் இடது கண் தானாகச் சுருங்கும். கண்ணாடியில் பார்த்தேன். சங்கீத ஞானம் உள்ளவன் மாதிரிதான் இருந்தது.

உமையாள் சமையல் உதவிக்கு முதல் நாளே போய்விட்டாள். படைப்பன்று நான் மட்டும் ஸ்கூட்டரில் போனேன். பட்டு வேட்டி. இடுப்பில் இடது பக்கம் வாக்மேனைச் செருகிக்கொண்டேன். வாசலில் ஹெட்போனை மாட்டினேன், தலையைச் சாய்த்தேன், பஞ்சைத் தாங்கினேன். உள்ளே வளவில், நடுமுற்றத்துப் பக்கம், ஏதோ சத்தமாக இருந்தது. படைப்பு வீடு என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று முகப்பைத் தாண்டி மெல்ல ஆடியபடி நுழைந்தேன்.

உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போதுதான் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். மாமனாருடைய வேட்டி இருக்கிறது, துண்டு இருக்கிறது. அவர் உயிராக வைத்திருந்த சாமானைக் காணவில்லை. மழை ஒழுகியபோது பெட்டியில் இருந்ததையெல்லாம் பிரித்து வைத்ததில், துணிகள் பீரோவுக்கும் அது ஒரு பிஸ்கட் டின்னோடு சாமான் அறைக்கும் போயிருக்கின்றன. சாமான் அறை இப்போது காலி. டின்னும் இல்லை. "அப்பச்சி வாக்மேன் எங்க ஆத்தா?" என்று அப்பாவின் சாமானைத் தேடி மீனாள் தன் அம்மாவிடம் கேட்க, என் மாமியார் பீரோவை மறுபடியும் குடைய, பங்காளிகள் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த நேரம் பார்த்து வாசல் வெளிச்சத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் வந்து நின்றேன்.

மாமனாரின் அண்ணன் பெரியப்பச்சிக்குக் கண்ணில் புரை. அவர்தான் முதலில் பார்த்தார். கையிலிருந்த விபூதித் தட்டு நழுவியது.

"சாத்தப்பா!" என்று அலறினார். "வந்துட்டியாடா!"

வளவு மொத்தமும் வாசல் பக்கம் திரும்பியது. எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாதே? எனக்குத்தான் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதே? அதனால் இன்னும் கொஞ்சம் ரசித்துத் தலையை ஆட்டினேன்.

"அப்பச்சி!" என்று மீனாள் அழ ஆரம்பித்தாள். "அதே சாய்ப்பு! அதே வெரலு!"

"ஒத்தக் கண்ணைச் சுருக்குறாக பாரு!"

"கூப்புட்டாத் திரும்புறாகளா பாரு! உசுரோட இருக்கையிலயும் இப்படித்தான!"

 சாத்தப்பன் யார் பெயர் என்று அப்போதுதான் உறைத்தது. இடுப்பில் இருப்பது யாருடைய சாமான் என்பதும் உறைத்தது. அந்த இடத்திலேயே ஹெட்போனைக் கழற்றி, "அய்யய்யோ, நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். கைகூட மேலே போனது. அப்போது சுருங்காத வலது கண்ணில் கண்ணப்பன் தெரிந்தான். தூணோரம் நீல வாக்மேனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதை ஒருவரும் பார்க்கவில்லை. மொத்த வீடும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கையை இறக்கிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த கூட்டம் அது. எப்படி விடுவது?

என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் பலகையில் உட்காரவைத்தார்கள். மாமனார் படத்துக்கு வைத்திருந்த மாலை என் கழுத்துக்கு வந்தது. நெற்றி நிறைய விபூதி. பெரியப்பச்சி சூடம் காட்டினார். ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். உமையாள் மட்டும் விழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்து, நான் சாய்த்த அளவுக்கே சாய்த்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் அடுப்படிக் கதவோரத்தில் நின்றார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

கண்ணப்பன் வந்தான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். என் சகலை, சென்னைக்காரன், மிக்சி மெக்கானிக், என் காலில்! அப்படியே இருந்து தழுதழுத்த குரலில் பேச ஆரம்பித்தான்.

"அம்மான், ஒங்களை நான் பாத்ததில்லை. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நானும் இந்த வீட்டுக்கு எவ்வளவோ செய்றேன். ஆனா என்ன செஞ்சாலும் அயித்தை மொத எலைய அண்ணனுக்குத்தான் போடுறாக. காபி குடுத்தாலும் அவருக்குத்தான் மொதல்ல. கந்தரப்பத்தை வச்சு என்னைச் சமாதானப்படுத்துறாக. எனக்கும் ஒரு வாட்டி மொத எலை போடச் சொல்லுங்க அம்மான்."

இவனுக்கு என் மேல் பொறாமையா! எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குளிர்ச்சி ஏறியது. முதல் இலை எனக்குத்தான் விழுகிறது என்பதை நான் கவனித்ததே இல்லை. அவன் இலையில் கூட விழுகிற பண்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவனோ, தான் கெட்டிக்காரன் என்று நான் பொருமுவது தெரியாமல், நான் மூத்தவன் என்று பொருமிக்கொண்டிருந்திருக்கிறான். ஆனந்தத்தை அடக்க முடியவில்லை. வாய் காது வரைக்கும் விரிந்துவிட்டது.

"நிறுத்துங்க எல்லாரும்" என்றாள் உமையாள்.

நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க அப்பச்சி சிரிச்சு நாங்க ஒருத்தரும் பாத்ததில்ல. இது என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப பஜ்ஜியைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு. அப்பச்சியுமில்ல, ஒண்ணுமில்ல. இவுகதான்."

ஹெட்போனை என் தலையிலிருந்து உருவித் தன் காதில் வைத்தாள். "ஒண்ணும் பாடல."

கண்ணப்பன் எழுந்து உட்கார்ந்தான். அந்த நேரத்திலும் உதவுகிற புத்தி அவனை விடவில்லை. "இருங்க, பேட்டரி போயிருக்கும்" என்று என் இடுப்பிலிருந்து வாக்மேனை எடுத்துப் பேட்டரி மூடியைத் திறந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பேட்டரியே இல்லையேண்ணே" என்றான்.

அவன் குரலில் கேலி இல்லை. வருத்தம்தான் இருந்தது. கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பெரியப்பச்சிக்கு இப்போது கோபம் வந்தது. எல்லோரையும் காலில் விழவைத்துவிட்டேன் அல்லவா? "படைப்புச் சாமான் மாப்பிள்ளை கைக்கு எப்படி வந்துச்சு?"

"கடையில வாங்குனேன்."

"எந்தக் கடை?"

"முத்தழகு கடை."

"முத்தழகா?" அடுப்படிக் கதவோரத்திலிருந்து மாமியார் முதல்முறையாக வாய் திறந்தார். "சாமான் அறையை ஒதுக்க மாப்பிள்ளை அனுப்பிச்ச ஆளு பேரு முத்தழகுல்ல?"

 மாமியாரே எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துக்கொண்டார். வந்து வாக்மேனைக் கையில் வாங்கினார். பின்பக்கம் தேய்ந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இங்கதான் அவுக எழுத்து இருந்துச்சு. பூரா தேச்சுட்டான்" என்றார். என் கடை உப்புத்தாள்தான் அது என்பதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

மாலையோடு பலகையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை. அவமானம் என்றால் இதுதான். சகலையை முந்துவதற்காக மாமனாரை விற்கவைத்து, மாமனாரை விலைக்கு வாங்கி, கடைசியில் மாமனாராகவே உட்கார்ந்துவிட்டேன். இனி இந்த வீட்டில் எனக்கு மூத்த மாப்பிள்ளை என்ற மரியாதை கிடையாது, இலைகூடக் கடைசிதான் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

"மாப்பிள்ளையச் சும்மா விடுங்க" என்றார். "அசலு ஒங்க அப்பச்சியேதான். அவுகளுக்கும் பேட்டரி கிடையாது."

யாருக்கும் புரியவில்லை.

"மலேயாவுலருந்து கொண்டாந்த புதுசுல கொஞ்ச நாளு பாடுச்சு. அப்புறம் கெட்டுப்போச்சு. ஆனா இடுப்பை விட்டு எறக்க மாட்டாக. நான் பேச ஆரம்பிச்சாப் போதும், எடுத்து மாட்டிக்கிருவாக. தலையச் சாய்ச்சு, வெரல வச்சு, அப்படி ஒரு ரசனை! ஒரு நா குளிக்கப் போனப்ப பேட்டரி மூடியத் தொறந்து பாத்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல."

"நீ கேக்கலையா ஆத்தா?" என்றாள் உமையாள்.

"எதைக் கேக்க? கேட்டா அதையும் காதுல விழாத மாதிரித்தான இருப்பாக." மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் பாத்தாலே எனக்கு எரியும். எங்கிட்ட ஒரு நா ஆட்டாத தலைய இந்த ஊமை டப்பாக்கிட்ட ஆட்டுனாகளே! இன்னொருத்தின்னா மல்லுக்கு நிக்கலாம். டப்பாவோட என்ன மல்லுக்கு நிக்க? அதான் போனதும் பொட்டியில வச்சு, அங்கயும் அதையே கேளுங்கன்னு மூடிட்டேன்."

தீபாவளியன்று "இது பாடுதே" என்று ஏன் ஆச்சரியப்பட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. பாடுகிற வாக்மேனை அவர் எத்தனையோ வருஷம் கழித்து அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார். மாமியார் மேல் எனக்குத் திடீரென்று பிரியம் வந்தது. அந்த வீட்டில் என்னை மாதிரியே வயிறு எரிந்த ஆள் அவர்தான், அதுவும் என்னை விட அதிக காலம்.

பெரியப்பச்சியும் சிரிக்க ஆரம்பித்த பிறகு வளவே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கிப் படைப்புப் போட வெகுநேரம் ஆனது. வாக்மேன் வேட்டி துண்டு பக்கத்தில் தன் இடத்துக்குப் போனது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாமியார் முதல் இலையைக் கண்ணப்பன் முன்னால் போட்டார்.

"மாமனாருகிட்ட மனுப் போட்டுட்டீகளே மாப்பிள்ளை, தட்ட முடியுமா?" என்றார்.

கண்ணப்பன் கூச்சத்தில் நெளிந்தான். "அண்ணே, நீங்க இங்குட்டு வாங்கண்ணே" என்று எழுந்தான். நான் பெருந்தன்மையாகக் கையமர்த்தினேன். இரண்டாவது இலையில் சாப்பிட்ட சோறு அன்றைக்கு இறங்கவே இல்லை. ஆட்சேபம் சொல்லவும் வழியில்லை. மனுவைக் கேட்டுக்கொண்டு பலகையில் இருந்தவனே நான்தான்.

அதோடு விட்டானா? வாக்மேனைச் சென்னைக்குக் கொண்டுபோய், யார் யாரையோ பிடித்து ரிப்பேர் பார்த்தான். அடுத்த படைப்புக்கு அது பாடியது. சிக்கியிருந்த கேசட்டிலிருந்து ஏதோ பழைய பாட்டு, கணீரென்று. அதை அவன் மாமியார் காதில் வைத்தபோது என் வயிறு பழையபடி எரிந்தது. முடிந்தது கதை, இனி ஆயுளுக்கும் கந்தரப்பம் அவனுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கழற்றிவிட்டார்.

"நல்லாத்தான் பாடுது. ஆனா அவுகளுது மாதிரி இல்ல. பேட்டரியக் கழட்டிருங்க மாப்பிள்ளை."

கண்ணப்பன் கழற்றினான். அந்த நிமிஷம் நான் பட்ட சந்தோஷத்தை எழுதினால் என் குணத்தைப் பற்றி உங்களுக்கு மட்டமான அபிப்பிராயம் வரும். அதனால் எழுதவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் உமையாள் ஏதாவது சொல்லி, நான் செல்போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லாமல் இருந்தால், அவள் திரும்பக் கேட்பதில்லை. நேரே நேமத்தான்பட்டிக்குப் போன் போடுகிறாள்.

"ஆத்தா, இங்க அப்பச்சி வந்துருக்காக."

"அப்படியா? குடு, நான் கொஞ்சம் பேசணும்" என்பார் மாமியார்.

வாங்கிக் காதில் வைத்தால், மாமனாரிடம் சொல்லாமல் விட்ட வருஷக்கணக்கான புகார்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வார். நான் தலையை இடது பக்கம் சாய்த்து ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். கண்ணப்பனுக்கு இந்தப் போன் வருவதில்லை என்று அவனுக்கு ரொம்ப வருத்தமாம். மீனாள் சொன்னாள்.